முன்கையின் கணக்கு: உள்ளரங்கப் பாறையேற்றத்தில் வலுவும் தாக்குப்பிடிப்பும்

2024 ஆகஸ்ட் 9 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் பாறையேற்ற இறுதிச்சுற்று லெ பூர்ஜே அரங்கில் நடந்தது. போட்டி இரண்டு பாதியாக இருந்தது. முதல் பாதி போல்டரிங்: கயிறு கிடையாது, கீழே தடித்த மெத்தை, உயரம் குறைந்த சுவரில் நான்கு புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம். இரண்டாம் பாதி லீட்: கயிற்றைக் கட்டிக்கொண்டு, நம் பக்கமாகக் கவிந்து நிற்கும் உயரமான சுவரில் ஒரே ஒரு முயற்சி. 6 நிமிடத்துக்குள் எவ்வளவு உயரம் போகிறாரோ அவ்வளவு புள்ளி. ஒவ்வொரு பாதிக்கும் 100 புள்ளிகள். ஜப்பானின் சொராட்டோ அன்ராகு போல்டரிங்கில் 69.3 எடுத்தார், லீடில் 76.1. ஆஸ்திரியாவின் யாக்கோப் ஷூபர்ட்டுக்கு இது தலைகீழ்: போல்டரிங்கில் 43.6, லீடில் 96. பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ் இரண்டு பாதியிலும் இவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றார்: 63.1, 92.1. கூட்டிப் பார்த்தபோது ராபர்ட்ஸுக்குத் தங்கம், அன்ராகுவுக்கு வெள்ளி, ஷூபர்ட்டுக்கு வெண்கலம்.

உள்ளரங்கச் சுவர்களில் பயிற்சி செய்கிறவர்கள் நெடுங்காலமாக வாதாடிவரும் கேள்வி இந்த ஆறு எண்களுக்குள் இருக்கிறது. ஒரு கடினமான அசைவைச் செய்யும் வலுவும், நாற்பது அசைவுகளை விடாமல் செய்யும் தாக்குப்பிடிப்பும் வெவ்வேறு குணங்களா? ஒன்றை வளர்த்தால் மற்றது தேயுமா? வாரத்தில் மூன்று மாலைகள் மட்டுமே கிடைக்கும் ஒருவர் எதில் நேரத்தைப் போடுவது? பயிற்சியாளர்களின் அனுபவத்தையும் கடந்த இருபதாண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இது: தாக்குப்பிடிப்பின் பெரும்பகுதி விரல் வலுவின் மேல் கட்டப்பட்டது. மிச்சம், பிடியை விட்ட சில விநாடிகளில் முன்கைக்கு ரத்தம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான ஜிம்களில் நடக்கும் பயிற்சியோ இந்த இரண்டையும் தொடாமல் இடைப்பட்ட எரிச்சலிலேயே தீர்ந்துபோகிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. சுவரேற்றம் தனி விளையாட்டாகப் பிறக்கவில்லை. மழைக்காலத்தில் பாறைக்குப் போக முடியாதவர்களின் மாற்று ஏற்பாடாகவே அது வந்தது. 1964இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளர் டான் ராபின்சன் ஒரு நடைபாதையின் செங்கல் சுவரில் கல் துண்டுகளைப் பதித்து ஏறுசுவர் அமைத்தார். அந்தச் சுவரில் குளிர்காலம் முழுக்கப் பழகியவர்கள் வசந்தத்தில் வெளிப்பாறைக்குப் போனபோது முன்பைவிடத் திறமையாக ஏறினார்கள். பாறையில் ஏறினால்தான் ஏறக் கற்க முடியும் என்ற நம்பிக்கையில் விழுந்த முதல் விரிசல் அது. அடுத்ததை அமெரிக்காவின் டோனி யானிரோ செய்தார். கலிஃபோர்னியாவில் கிராண்ட் இல்யூஷன் என்ற விரிசல் பாதையை ஏற, அதே அளவில் மரத்தால் ஒரு செயற்கை விரிசலைக் கட்டிப் பயிற்சி செய்தார். 1979இல் அதை ஏறி முடித்தபோது உலகின் மிகக் கடினமான பாதைகளில் ஒன்றாக அது எண்ணப்பட்டது.

ஆனால் இன்றைய பயிற்சியறையின் உருவத்தைத் தீர்மானித்தவர் ஜெர்மனியின் வொல்ஃப்காங் குல்லிஷ். 1988இல் நியூரம்பெர்கில் கேம்பஸ் சென்டர் என்ற உடற்பயிற்சிக் கூடத்தில் அவர் ஒரு பலகையைச் சாய்த்து மாட்டினார். அதில் குறுக்காக மெல்லிய மரச் சட்டங்கள். கால் வைக்க எதுவும் கிடையாது. விரல் நுனியால் கீழ்ச் சட்டத்தில் தொங்கி, கையை மட்டும் வைத்து மேலே மேலே தாவ வேண்டும். அந்தக் கூடத்தின் பெயரே பலகைக்கும் ஒட்டிக்கொண்டது. கேம்பஸ் போர்டு இல்லாத பெரிய ஏறுசுவர்க் கூடம் இன்று அரிது.

அந்தப் பலகையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சட்டங்களுக்கு இடையே பரவலாகப் புழங்கும் இடைவெளி 22 சென்டிமீட்டர். இரு கையும் முதல் சட்டத்தில். வலக்கை ஒரே வீச்சில் நான்காவது சட்டத்துக்குப் போகிறது, 66 சென்டிமீட்டர். இடக்கை அங்கிருந்து ஏழாவதுக்கு. விரல் சட்டத்தைத் தொடும் கணத்தில் உடல் ஏற்கெனவே கீழே விழத் தொடங்கியிருக்கும். எவ்வளவு வலு இருக்கிறது என்பதைவிட, அந்த வலு எத்தனை மில்லி விநாடியில் விரல் நுனிக்கு வந்து சேர்கிறது என்பதே அங்கே முடிவு செய்கிறது. குல்லிஷ் இன்னொன்றும் செய்தார். மேல் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டத்துக்கு வேண்டுமென்றே விழுந்து, விரலால் அதிர்ச்சியை வாங்கி, உடனே மேலே துள்ளுவார். தடகள வீரர்கள் பெட்டி மேலிருந்து குதித்து, தரை தொட்டதும் மறுபடி எழும்புகிறார்களே, அந்தத் துள்ளல் பயிற்சியைத் தொடையிலிருந்து விரலுக்கு மாற்றிவிட்டார்.

எதற்காக இவ்வளவும்? ஜெர்மனியின் ஃபிராங்கன்ஜூராவில் ஏறக்குறைய 15 மீட்டர் உயரமுள்ள, கவிந்து நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறைக்காக. ஒரு விரலும் இரண்டு விரலும் நுழையும் குழிகளே அங்கே பிடிகள். தொடக்கமே இரு விரல் குழியை நோக்கிய ஒரு தாவல். 1991இல் குல்லிஷ் அதை ஏறி முடித்து ஆக்ஷன் டைரக்ட் என்று பெயரிட்டார். உலகின் முதல் 9ஏ கடினத் தரப் பாதை என்று அது பொதுவாக ஏற்கப்படுகிறது. அடுத்த ஆண்டு கார் விபத்தில் அவர் இறந்தார். குறுகிய காலத்தில் அவர் நிறுவிக்காட்டிய உண்மை இன்றும் அசையவில்லை: ஓர் அசைவையே செய்ய முடியாதவரிடம் தாக்குப்பிடிக்க எதுவும் இல்லை.

ஷெஃபீல்டில் பென் மூனும் ஜெர்ரி மொஃபட்டும் சேர்ந்த கூட்டம் இதே வழியை வேறு விதமாக வளர்த்தது. ஸ்கூல் ரூம் என்று பெயர் வாங்கிய அறையில் செங்குத்தைத் தாண்டிக் கவிந்த பலகைகளில் சின்னஞ்சிறு மரப் பிடிகளை வைத்துப் பழகினார்கள். மூன்போர்டு அங்கிருந்துதான் வந்தது. 40 பாகை சாய்ந்த ஒரே மாதிரிப் பலகை, ஒரே பிடிகள், ஒரே இடத்தில். டோக்கியோவில் ஒருவர் அமைத்த புதிரை இன்னொரு ஊரில் யாரும் அப்படியே முயலலாம். பயிற்சியை ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு பொது அளவுகோல் கிடைத்தது பெரிய காரியம்.

வலுவின் கதை இப்படி. தாக்குப்பிடிப்பைப் புரிந்துகொள்ள முன்கைக்குள் போக வேண்டும்.

விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மட்டும் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குள் போகின்றன. ஒரு பிடியைப் பற்றும்போது அந்தத் தசை இறுகுகிறது, ஆனால் நீளம் மாறுவதில்லை. இறுகிய தசைக்குள் அழுத்தம் ஏறி நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, தோட்டக் குழாயைக் காலால் மிதித்ததுபோல். உச்ச வலுவில் பாதியை எட்டும்போதே பலருக்கு ரத்த ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். பிறகு கை அந்தப் பிடியை விட்டு அடுத்ததற்கு நகரும் இரண்டு மூன்று விநாடியில்தான் ரத்தம் பாய்ந்து வரும். ஏறுபவர் ஒரு பிடியில் சராசரியாக எட்டுப் பத்து விநாடி இருப்பார். ஆக, 5 நிமிட லீட் ஏற்றம் என்பது முன்கைக்கு ஒரு நீண்ட ஓட்டம் அல்ல. அடைத்துத் திறந்து, மறுபடி அடைத்துத் திறக்கும் சிறுசிறு மூச்சுத் திணறல்களின் வரிசை அது.

மாரத்தான் ஓடுபவரின் நுரையீரல் இங்கே அவ்வளவாக உதவாததற்குக் காரணமும் இதுதான். சுவரில் இதயத் துடிப்பு ஏகமாக ஏறும், ஆனால் உடல் எடுக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்கு ஏறுவதில்லை. தட்டுப்பாடு நெஞ்சில் இல்லை, முழங்கைக்குக் கீழே இருக்கிறது. 2007இல் பிரேசில் ஆய்வாளர்கள் உள்ளரங்க ஏற்றத்தின்போது ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று பகுத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் வழி ஆற்றலும், தசையில் சேமித்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் வழி ஆற்றலும்தான் முதன்மை என்று கண்டார்கள். எல்லோரும் பழிபோடும் லாக்டேட் வழி அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. பொருள் தெளிவு. பிடித்திருக்கும்போது சேமிப்பைச் செலவழிக்கிறோம், விட்டிருக்கும்போது ஆக்சிஜனைக் கொண்டு அதை நிரப்புகிறோம். நிரப்புவது செலவுக்கு ஈடுகொடுக்காதபோதுதான் எரிச்சல் தொடங்கும். முன்கை கல்லாக இறுகும், மூளை மூடச் சொல்லியும் விரல்கள் தாமே திறக்கும். ஏறுபவர்கள் அதை பம்ப் என்கிறார்கள்.

அதே ஆண்டில் பிரிட்டனில் வெளியான இன்னோர் ஆய்வு ஏறுபவர்களையும் ஏறாதவர்களையும் உச்ச வலுவின் 40 சதவீதத்தில், 10 விநாடி இறுக்கம், 3 விநாடி ஓய்வு என்று விரல் இழுக்கச் செய்தது. யார் நெடுநேரம் தாங்கினார்கள் என்பதை முன்கூட்டிச் சொன்ன அளவு, அந்த 3 விநாடி ஓய்வில் தசைக்குள் ஆக்சிஜன் எவ்வளவு திரும்பியது என்பதுதான். இந்த ஒரு கண்டுபிடிப்பு பயிற்சியின் திசையையே மாற்றியிருக்க வேண்டும். இன்னும் முழுதாக மாற்றவில்லை என்பது என் வருத்தம்.

இந்தச் சிந்தனையைக் கையில் பிடிக்கத்தக்க எண்ணாக மாற்றியது நெருக்கடி விசை என்ற அளவு. மூலக் கருத்து 1965இல் பிரான்சின் மோனோவும் ஷெரேரும் பொதுவாகத் தசை வேலையைப் பற்றிச் சொன்னது. பிரிட்டனின் டேவிட் கைல்ஸும் குழுவினரும் 2019 முதல் அதை ஏறுபவர்களின் விரலுக்குக் கொண்டுவந்தார்கள். சோதனை எளிது, ஆனால் கொடுமையானது. விசைமானி பொருத்திய ஒரு விளிம்பை 7 விநாடி முழு பலத்தோடு இழுத்து 3 விநாடி விட வேண்டும். இப்படி 24 தடவை, மொத்தம் 4 நிமிடம். வரைபடம் முதலில் செங்குத்தாகச் சரியும், பிறகு ஒரு மட்டத்தில் வந்து படியும். அந்த மட்டம்தான் நெருக்கடி விசை. அதற்குக் கீழே உள்ள வேலையை நெடுநேரம் செய்யலாம். அதற்கு மேலே செய்யும் ஒவ்வொரு விநாடியும் வரம்புள்ள ஒரு சேமிப்பிலிருந்து கழியும். பயிற்சி பெற்ற ஏறுபவர்களிடம் அந்த மட்டம் உச்ச விரல் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பேர், ஒரே எடை, ஒரே பாதை. பாதை சராசரியாகக் கேட்பது ஒரு கைக்கு 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் உச்ச விரல் வலு 50 கிலோ. அவருடைய நெருக்கடி விசை 40 சதவீதம் என்றால் 20 கிலோ. ஒவ்வோர் அசைவிலும் 5 கிலோ அளவுக்குச் சேமிப்பில் கைவைக்கிறார், வழியில் எங்கோ தீர்ந்து விழுவார். இரண்டாமவரின் உச்ச வலு 65 கிலோ. அதே 40 சதவீதம் 26 கிலோ ஆகிறது. அதே பாதை அவருக்கு எல்லைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவர் தாக்குப்பிடிப்புப் பயிற்சி எதுவும் செய்யவில்லை, வலுவை மட்டும் ஏற்றினார். லீட் ஏறுபவர்களும் குளிர்காலத்தில் போல்டரிங் செய்வதன் நியாயம் இதுதான்.

ஆனால் இதே கணக்கை இன்னொரு விதமாகவும் போடலாம், அங்கேதான் வலுவை மட்டும் நம்புகிறவர்கள் சறுக்குகிறார்கள். ஆண்டுக்கணக்கில் குட்டைச் சுவரிலேயே இருந்த ஒருவருக்கு 65 கிலோ இருந்தும் நெருக்கடி விசை 30 சதவீதம்தான் என்றால் அவர் எல்லை 19.5 கிலோ. 50 கிலோக்காரரைவிடக் கீழே. வலுவான தசை உள்ளழுத்தத்தையும் அதிகமாக உண்டாக்கும், ரத்தத்தைச் சீக்கிரமே அடைக்கும். உச்சத்தை உயர்த்துவது ஒரு வேலை, அந்த உச்சத்தில் எத்தனை சதவீதத்தை நீடித்துப் பயன்படுத்த முடிகிறது என்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் பயிற்சி வேறு.

சதவீதத்தை உயர்த்தும் பயிற்சி பார்க்கச் சுவையற்றது. டேல் கோடார்டும் ஊடோ நாய்மனும் 1993இல் எழுதிய நூல் அதைப் பரவலாக்கியது, ஏ.ஆர்.சி. என்ற சுருக்கப் பெயரில். எளிதான சுவரில் 20 முதல் 40 நிமிடம் இறங்காமல் ஏறிக்கொண்டே, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முன்கையில் இளஞ்சூடு தெரியலாம், பம்ப் வரக்கூடாது. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல முடிய வேண்டும். இந்த வேகத்தில் ரத்த ஓட்டம் அடைபடாமல் பெருகுகிறது. வாரக்கணக்கில் தொடர்ந்தால் தசைக்குள் நுண்குழாய்களும், ஆக்சிஜனை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருக வழி உண்டாகிறது. பலன் மெதுவாக வரும், ஆனால் வந்தது நிற்கும். சலிப்பைப் போக்க நல்ல வழி, அந்த அரைமணியைக் காலடிப் பயிற்சியாக மாற்றிக்கொள்வது. ஒவ்வொரு அடியையும் சத்தமில்லாமல் வைக்கிறோமா, பிடியைத் தேவைக்குமேல் இறுக்குகிறோமா என்று கவனிக்க இதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

ஓய்வெடுக்கும் கலையும் இதோடு சேர்ந்தது. நல்ல பிடி கிடைத்தால் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறுகிறார்களே, அது வெறும் பழக்கம் அல்ல. செக் ஆய்வாளர் யிரி பலாஷும் குழுவினரும் ஓய்வு இடைவெளியில் கையை உதறுவது சும்மா இருப்பதைவிட விரல் தசைகளின் மீட்சிக்கு உதவுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். பயிற்சியிலும் அதைத் தனியாகப் பழக வேண்டும்.

இப்போது ஜிம்களில் உண்மையில் நடப்பதற்கு வருவோம். தாக்குப்பிடிப்பு என்றதும் எல்லோரும் ஓடுவது நான்கு-நான்கு பயிற்சிக்கு: நான்கு போல்டரிங் புதிர்களை இடைவிடாமல் ஏறி, 4 நிமிடம் ஓய்ந்து, இப்படி நான்கு சுற்று. முன்கை வெடித்துவிடும்போல் இருக்கும், வியர்வை கொட்டும், நல்ல பயிற்சி செய்தோம் என்ற திருப்தி வரும். பயன் இல்லாமல் இல்லை. சேமிப்பு தீர்ந்த நிலையிலும் வேலை செய்ய இது தசையைப் பழக்குகிறது, மூன்று நான்கு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த முன்னேற்றம் விரைவில் நின்றுவிடும், களைப்போ தொடர்ந்து சேரும். கடைசிச் சுற்றுகளில் அடி தவறும், தோள் சரியும், அந்தத் தவறான அசைவே உடம்பில் பதியும். போட்டிக்கோ வெளிப்பாறைப் பயணத்துக்கோ முந்தைய சில வாரங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வதே சரி என்று நினைக்கிறேன். ஆண்டு முழுக்க வாரம் மூன்று நாள் இதைச் செய்பவர்கள் கடும் உழைப்பாளிகள். உழைப்புக்கேற்ற பலன் கிடைக்காமல் ஓரிடத்திலேயே நிற்கிறவர்களும் அவர்கள்தான்.

வலுப் பயிற்சி இதே எரிச்சலுக்குள் வழுக்கி விழும் விதத்தையும் எந்த மாலையிலும் காணலாம். கடினமான புதிரின் மூன்றாவது அசைவில் ஒருவர் விழுகிறார். மெத்தையிலிருந்து எழுந்து, சாக்குப்பொடி பூசி, அரை நிமிடத்தில் மறுபடி சுவரில். மறுபடி விழுகிறார். நண்பர்கள் உற்சாகப்படுத்த, உடனே இன்னொரு தடவை. பாஸ்போகிரியேட் ஏறத்தாழ முழுதாக நிரம்ப 3 நிமிடத்துக்கு மேல் வேண்டும். ஆறாவது முயற்சியில் அவர் பழக்குவது வெடித்துக் கிளம்பும் வலுவை அல்ல, களைத்த தசையை. முழு முயற்சிகளுக்கு இடையே 3 முதல் 5 நிமிடம் உட்கார வேண்டும். முந்தைய முயற்சியில் எட்டிய பிடியை எட்ட முடியாமல் போனதும் அன்றைய வலுப் பயிற்சியை நிறுத்த வேண்டும். உட்கார்ந்திருப்பதும் பயிற்சிதான் என்பதை ஏற்க மனம் இடம் கொடுக்காததால் வீணாகும் மாலைகள் ஏராளம்.

போல்டரிங் ஏறுபவர்களையும் லீட் ஏறுபவர்களையும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வொன்று, போல்டரிங்காரர்களிடம் உச்ச விரல் வலுவோடு அந்த வலு எழும் வேகமும் கூடுதலாக இருப்பதைக் கண்டது. கேம்பஸ் போர்டும் மூன்போர்டும் வளர்ப்பது இந்த வேகத்தைத்தான். உச்ச வலுவை நேரடியாக ஏற்ற, விரலால் தொங்கப் பயன்படும் ஹேங்போர்டு போதும். 20 மில்லிமீட்டர் விளிம்பு, இடுப்பில் எடை கட்டி 10 விநாடித் தொங்கல், 3 நிமிட ஓய்வு, மூன்று முதல் ஐந்து தடவை. எடை எவ்வளவு? இன்னும் இரண்டு மூன்று விநாடி தாங்க முடியும் என்ற நிலையில் இறங்கும் அளவுக்கு. தோற்கும்வரை தொங்க வேண்டியதில்லை. இந்த அணுகுமுறையை முறையாகச் சோதித்தவர் ஸ்பெயினின் ஏவா லோபெஸ். அவரே தேர்ந்த ஏறுபவர், அதனால் கேள்விகள் சரியான இடத்தைத் தொடுகின்றன.

அவரும் சக ஆய்வாளரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு நேரடியானது. எட்டு வாரம், மூன்று குழு. ஒரு குழு எடை கட்டிய உச்சத் தொங்கல் மட்டும். இன்னொன்று இடைவெளி விட்டு விட்டுத் தொங்குவது மட்டும். மூன்றாவது முதல் பாதி உச்சத் தொங்கல், பின் பாதி இடைவெளித் தொங்கல். தாக்குப்பிடிப்பில் இடைவெளித் தொங்கல் குழு அதிகம் முன்னேறியது எதிர்பார்த்ததுதான். உச்சத் தொங்கல் மட்டும் செய்த குழுவும் நன்றாகவே முன்னேறியது. பின்தங்கியது இரண்டையும் பாதிப் பாதி செய்த குழு. எட்டே வாரத்தில் இரண்டு குணங்களையும் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும் என்று இதைப் படிக்கிறேன். குழுக்கள் சிறியவை, இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் 1980இலேயே அமெரிக்காவின் ராபர்ட் ஹிக்சன் பத்து வார ஆய்வில் இதன் மூத்த வடிவத்தைக் கண்டிருந்தார். கால்களுக்கு வலுப் பயிற்சியும் கடுமையான ஓட்டம், சைக்கிள் பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களின் வலு ஏழெட்டு வாரம்வரை ஏறி, பிறகு தேங்கி, இறங்கத் தொடங்கியது. இங்கே கவனிக்க வேண்டியது, மோதிக்கொள்வது கடுமையும் கடுமையும்தான். ஏ.ஆர்.சி. போன்ற இலகுவான வேலையை வலுப் பயிற்சியோடு ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளலாம். எரிச்சல் வேலையைத்தான் தள்ளி வைக்க வேண்டும்.

விரலின் உள்ளமைப்பைப் பேசாமல் இதையெல்லாம் பரிந்துரைப்பது பொறுப்பாகாது. மடக்கு நாண் எலும்பை விட்டு விலகாமல் இருக்க விரல் நெடுக வளையம்போன்ற திசுக்கள் அதை அணைத்திருக்கின்றன. ஏறுபவர்கள் புல்லி என்பது இவற்றைத்தான். விரலின் நடுமூட்டை மேலே தூக்கி நுனியை அழுத்தும் கிரிம்ப் பிடியில் அடிவிரலின் ஏ2 புல்லி வாங்கும் சுமை, விரலை விரித்துப் பிடிக்கும்போது வாங்குவதைப்போல் 36 மடங்கு என்று 2006இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணித்தார்கள். தசை சில வாரத்தில் வலுப்பெறும். இந்த வளையங்களும் நாண்களும் மிக மெதுவாகவே தம்மைக் கட்டிக்கொள்ளும். வலு ஏறிய உற்சாகத்தில் இருக்கும் முதல் ஓரிரண்டு ஆண்டுதான் அதனால் அபாயமான காலம். ஓரிடத்தில் பட்டென்று சத்தம், பிறகு மாதக்கணக்கில் சுவர்ப் பக்கமே போக முடியாது. புதிதாக வருகிறவர்கள் இரண்டாண்டாவது வெறுமனே ஏறிப் பழகிய பிறகே ஹேங்போர்டில் எடை கட்ட வேண்டும் என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வதை நான் முழு மனதோடு வழிமொழிகிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். வளரும் வயதில் விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வரும் சுமையில் அது முறியலாம், பெரும்பாலும் நடுவிரலின் நடுமூட்டில். ஜெர்மனியின் பாம்பெர்கில் ஏறுபவர்களுக்கு நெடுங்காலமாகச் சிகிச்சை தரும் மருத்துவர் வோல்கர் ஷூஃப்ல் இதைப் பற்றி விடாமல் எச்சரித்துவருகிறார். பதின்வயதுப் பிள்ளை விரல் மூட்டு வலிக்கிறது என்று சொன்னால் பயிற்சியை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும், தைலம் தேய்த்துவிட்டு மறுநாள் அனுப்பக்கூடாது. வளர்ச்சி முடியும்வரை கேம்பஸ் போர்டு வேண்டவே வேண்டாம்.

எடைக் குறைப்பும் இங்கேயே வருகிறது. உச்ச வலுவை எடையால் வகுத்துப் பார்க்கும் விளையாட்டில், வலுவைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பது சுலபம் என்ற ஆசை எழும். பட்டினி கிடந்த உடல் சில மாதம் மேலே போகும். பிறகு எலும்பு, ஹார்மோன், மாதவிடாய், மனம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். 2023இல் ஷூஃப்ல் உட்பட இரு மருத்துவர்கள், உலகப் பாறையேற்றச் சம்மேளனம் இதில் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று அதன் மருத்துவக் குழுவிலிருந்து விலகினார்கள். அடுத்த ஆண்டு சம்மேளனம் வீரர்களின் உடல்நிலையைப் பரிசோதித்து அனுமதிக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. பயிற்சியாளர் யாராவது ஒரு சிறுமியிடம் இரண்டு கிலோ குறைத்தால் அந்தப் பிடி கைக்கு வரும் என்று சொன்னால், அந்தக் கூடத்தை மாற்றிவிடுங்கள்.

வேகத்துக்கு மட்டுமான ஸ்பீடு பிரிவைத் தனியாக ஆராய வேண்டியதில்லை. 15 மீட்டர் சுவர், உலகெங்கும் ஒரே பிடி வரிசை. பாரிஸில் சாம் வாட்சன் 4.74 விநாடியிலும் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ் 6.06 விநாடியிலும் உலக சாதனை வைத்தார்கள். முழுக்க முழுக்க வெடிப்பு வலு, அதுவும் கால் வலு. பம்ப் வர அங்கே நேரமே இல்லை.

விரலைப் பற்றியே பேசினாலும் பாதை எதைக் கேட்கிறதோ அதைத்தான் பயிற்சி கொடுக்க வேண்டும். இதற்கு ஆடம் ஓண்ட்ரா சிறந்த உதாரணம். நார்வேயின் ஃப்ளாட்டாங்கர் குகையில் 2017இல் அவர் ஏறிய சைலன்ஸ், உலகின் முதல் 9சி தரப் பாதை. அதில் தலைகீழாக முழங்காலைப் பாறையில் செருகித் தொங்கி ஓய்வெடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே விரல் ஓய்ந்தது, ஆனால் கெண்டைக்கால் தளர்ந்தது. இயன்முறை மருத்துவர் கிளவுஸ் இசெலேயின் துணையோடு ஓண்ட்ரா கெண்டைக்கால் தசைகளைத் தனியாக வலுப்படுத்தினார். உலகின் மிகக் கடினமான பாதைகளில் ஒன்றுக்கான தாக்குப்பிடிப்புப் பயிற்சியின் ஒரு முக்கியப் பகுதி காலுக்கு நடந்தது.

வாரம் மூன்று மாலை உள்ளவருக்கு, இரண்டாண்டு ஏறிப் பழகி விரலில் வலி இல்லாதவருக்கு, நான் சொல்லக்கூடிய ஏற்பாடு இது. முதல் மாலை: அரைமணி உடலைச் சூடேற்றியபின் உச்சத் தொங்கல், பிறகு நிறைய ஓய்வோடு கடினமான சில புதிர்கள், ஒன்றரை மணியில் வீட்டுக்கு. இரண்டு நாள் கழித்து இரண்டாவது மாலை: அரைமணி ஏ.ஆர்.சி. இரண்டு தடவை, நடுவில் காலடிப் பயிற்சி. மூன்றாவது மாலை: பிடித்ததை ஏறலாம், லீட் ஆசையுள்ளவர்கள் தரத்துக்கு ஒரு படி கீழான பாதைகளை உதறி ஓய்வெடுக்கும் இடங்களைத் தேடித் தேடி ஏறலாம். நான்கு வாரத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்க வேண்டும். போட்டியோ பயணமோ இருந்தால் அதற்கு முந்தைய ஐந்து வாரத்தில் முதல் நான்கு வாரம் இரண்டாவது மாலையை நான்கு-நான்கு பயிற்சிக்குக் கொடுத்து, கடைசி வாரம் அதையும் நிறுத்திவிடலாம். தொங்கிய எடை, விநாடி, விளிம்பின் அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண்கள் ஏறியிருந்தும் லீடில் அதே உயரத்திலேயே விழுகிறீர்கள் என்றால், இரண்டாவது மாலைக்கு இன்னும் அரைமணி சேருங்கள். எண்களே ஏறவில்லை என்றால், முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள், பிறகு முயற்சிகளுக்கு இடையே எத்தனை நிமிடம் உட்கார்ந்தீர்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள்.